மிதந்த பொடியும் வியர்த்த குப்பியும்

வெளிர் மஞ்சள் நிறம், மைதா மாவைப் போன்ற மென்மை. சாயத் தயாரிப்பில் பயன்படும் ஓர் இடைநிலைப் பொருள். பெயரைச் சொல்ல அனுமதியில்லை. எங்கள் ஆய்வகத்துக்கே அது ஒரு குறியீட்டு எண்ணாகத்தான் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ போகும் வேதிப்பொருளைப் பொதுவாக ரீச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும். பதிவின்போது கேட்கப்படும் அடிப்படைப் பண்புகளில் ஒப்படர்த்தியும், அதாவது அடர்த்தி தண்ணீரைப் போல் எத்தனை மடங்கு என்பதும், ஒன்று. உருகுநிலை, கரைதிறன் போன்றவற்றை மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த எனக்கு அடர்த்தி வந்தது. எடையைக் கன அளவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதானே, மாலைக்குள் முடித்துவிடலாம் என்றிருந்தேன். எட்டு நாள் ஆயிற்று.

மாதிரியோடு வாடிக்கையாளர் அனுப்பியிருந்த தாளில் ‘அடர்த்தி 0.52’ என்றிருந்தது. சரிபார்ப்போம் என்று ஒரு சிட்டிகைப் பொடியைத் தண்ணீரில் தூவினேன். அழகாக மிதந்தது. தாளும் சொல்கிறது, கண்ணும் சொல்கிறது. வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. இரண்டுமே பொய். தாளில் இருந்தது பருமன் அடர்த்தி, அதாவது பொடியை அதன் இடுக்குகளில் உள்ள காற்றோடு சேர்த்து அளந்த கணக்கு. மூட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்க்க அது உதவும். தண்ணீரில் மூழ்குமா மிதக்குமா என்று அது சொல்லாது. பொடி மிதந்ததற்குக் காரணம் அது நீரில் நனையாத ரகம் என்பதுதான். சோப்புக் கரைசலை ஒரு சொட்டு விட்டதும் கொத்துக் கொத்தாக அடிக்குப் போய்விட்டது. 0.52 என்ற எண் பாதுகாப்புத் தகவல் தாளில், பொருளின் பண்புகளைச் சொல்லும் 9ஆம் பிரிவில் ஏறியிருந்தால், நாளை இது ஏதாவது ஓர் ஏரியில் கொட்டும்போது வருகிறவர்கள் நீர்ப்பரப்பை வழித்துக்கொண்டிருப்பார்கள். சரக்கு சேற்றில் கிடக்கும்.

வேதிப்பொருள் சோதனைகளுக்கு ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டிகளில் 109ஆம் எண் அடர்த்திக்கானது. திடப்பொருளுக்கு அது காட்டும் வழிகளில் ஒன்று பிக்னோமீட்டர், பள்ளியில் பார்த்த ஒப்படர்த்திக் குப்பியின் கண்டிப்பான அண்ணன். வெறும் குப்பி, பொடி போட்ட குப்பி, பொடியின்மேல் திரவம் நிரப்பிய குப்பி, திரவம் மட்டும் நிரம்பிய குப்பி என்று நான்கு எடைகள். பொடி எவ்வளவு திரவத்தை வெளியே தள்ளியது என்பது அவற்றிலிருந்து கிடைத்துவிடும். திரவம் பொடியை நனைக்க வேண்டும், ஆனால் கரைக்கக் கூடாது. தண்ணீர் தோற்றுவிட்டதால் ஹெப்டேன் என்ற, எளிதில் ஆவியாகும் கரைப்பானைப் பிடித்தேன். இரவு முழுக்கப் பொடியோடு கலக்கி, வடிகட்டி, வடிந்ததைக் கண்ணாடித் தட்டில் ஆவியாக்கிப் பார்த்தேன். கறை எதுவும் இல்லை.

முதல் அளவீட்டில் 1.31, இரண்டாவதில் 1.36. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டையும் நம்ப முடியாது. சந்தேகம் காற்றின்மேல் விழுந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. 1.40 அடர்த்தியுள்ள பொடி 5 கிராம் எடுத்தால் அதன் கன அளவு சுமார் 3.57 மில்லிலிட்டர். அதற்குள் 0.1 மில்லிலிட்டர் காற்று, இரண்டு சொட்டு அளவு, ஒளிந்துகொண்டால் விடை 1.36 ஆகிவிடும்.

குப்பியை டெசிக்கேட்டர் என்ற காற்றுப் புகாத மூடிய கலத்துக்குள் வைத்து வெற்றிடப் பம்பைப் போட்டேன். அவசரப்பட்டு ஒரே திருகாகத் திறந்துவிட்டேன். சாதாரண அழுத்தத்தில் 98 டிகிரியில் கொதிக்கும் ஹெப்டேன், அழுத்தம் குறைந்ததும் அறை வெப்பத்திலேயே கொதித்தது. பொடி நுரையாகப் பொங்கிக் குப்பியின் கழுத்து வரை ஏறி ஒட்டிக்கொண்டது. அன்றைய உழைப்பு அதோடு போயிற்று. மறுநாள் பாதி அளவு ஹெப்டேன் மட்டும் ஊற்றி, வால்வை மயிரிழை மயிரிழையாகத் திறந்தேன். ஊசிமுனைக் குமிழ்கள் வரிசையாக மேலே வந்தன. இடையிடையே குப்பியை லேசாகத் தட்டி, அவை நிற்கும் வரை நாற்பது நிமிடம் காத்திருந்தேன். இந்த வேலையில் திறமை என்று ஏதாவது இருந்தால் அது இந்த நாற்பது நிமிடம்தான்.

பிறகு 20 டிகிரி நீர்த்தொட்டியில் குப்பியை நிலைப்படுத்தி, துடைத்துத் தராசில் வைத்தால் எடை நிற்கவில்லை. கடைசி இலக்கம் ஏறிக்கொண்டே போனது. ஹெப்டேன் ஆவியானால் எடை இறங்கத்தானே வேண்டும்? தராசு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புகார்ச் சீட்டு எழுத உட்கார்ந்தேன். ஆய்வகத்தில் இருபது ஆண்டாக உதவியாளராக இருக்கும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, குப்பி வியர்க்கிறது பாருங்கள்” என்றார். சென்னையின் நவம்பர் மழை. தராசு அறையின் ஏசி அரைமனதாக ஓடிக்கொண்டிருந்தது. அறை 27 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அந்தக் காற்றில் 21 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் பனி பூக்கும். பத்து மில்லிகிராம் ஈரம் ஒட்டினாலே 1.400 என்பது 1.406 ஆகும். உள்ளே காற்று விடையைக் கீழே இழுக்க, வெளியே ஈரம் மேலே தூக்க, நடுவில் நான். புகார்ச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். ஏசியைச் சரிசெய்து, இரவெல்லாம் ஈரம் உறிஞ்சும் கருவியை ஓட்டி, அறையை 21 டிகிரிக்கும் 45 சதவீதத்துக்கும் கொண்டுவந்த பிறகே மறுபடி தொட்டேன்.

1.398, 1.401. ஏழாம் நாள் மாலை அது.

எட்டாம் நாள், ஒரு துணைச் சான்றுக்காக, பக்கத்துப் பிரிவின் ஹீலியம் பிக்னோமீட்டரில் வைத்தோம். கொள்கை பாயிலின் விதிதான்: தெரிந்த அழுத்தத்தில் உள்ள வாயுவை இன்னொரு அறைக்குள் விரிய விட்டால், அழுத்தம் விழும் அளவிலிருந்து பொடி அடைத்த இடம் தெரிந்துவிடும். ஹீலியம் நுண்ணிய இடுக்குகளுக்குள்ளும் புகும். நனைக்க வேண்டிய தொல்லையும் இல்லை. இருபது நிமிடத்தில் 1.402 என்று காட்டியது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். அதன் அளவுத்திருத்தச் சான்று புதுப்பிக்கப்பட்டு அன்று காலைதான் வந்ததாம்.

அறிக்கையில் ஒப்படர்த்தி 1.40 என்று ஒரே வரி. ஆனால் ஜிஎல்பி எனும் நல்ல ஆய்வக நடைமுறை நெறிப்படி மூலப் பதிவில் எதையும் அழிக்க முடியாது. 1.31, 1.36 இரண்டும் அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் ஏன் ஏற்கவில்லை என்ற காரணம், தேதி, என் கையெழுத்து. பொங்கி வீணான நாளுக்கும் அரைப் பக்கம் உண்டு. தரக் கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கிழித்துப் போட்ட புகார்ச் சீட்டு எங்கே?