வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம்: வலியும், என்னன்னு தெரியாத அந்த நாட்களும்

வயித்துல பெரிய ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கறவங்க, இல்ல தேதி குறிச்சுட்டு பயந்துக்கிட்டு இருக்கறவங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எனக்கு பெருங்குடல்ல வலது பக்கம் ஒரு பெரிய பாலிப், அதாவது குடலோட உள் சுவர்ல வளர்ற கட்டி. கொலனோஸ்கோபி வழியாவே, அதாவது ஆசனவாய் வழியா கேமரா ட்யூப விட்டே எடுத்துடலாம்னு பாத்தாங்க, அளவும் அது இருந்த இடமும் சரிப்படல, அதனால குடல்ல அந்தப் பகுதியையே வெட்டி எடுத்துட்டு மீதி ரெண்டு முனையையும் சேத்து இணைக்கணும்னு சொல்லிட்டாங்க. சின்னத் துளை போட்டு கேமரா வழியா பண்ற லேப்ராஸ்கோபிலதான் ஆரம்பிச்சாங்க. ஆனா பல வருஷம் முன்னாடி நடந்த ஒரு ஆபரேஷனால உள்ள குடலும் சுத்தி இருக்கறதும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிறைய ஒட்டல் இருந்திருக்கு, நடுவுலயே வயித்தத் திறந்து பண்ற ஓபன் ஆபரேஷனா மாத்த வேண்டியதாப் போச்சு. கண்ணு முழிச்சப்போ தொப்புளுக்கு மேலயும் கீழயுமா நீளமா ஒரு கட்டு, மூத்திரத்துக்கு ஒரு ட்யூப், பக்கவாட்டுல உள்ள தேங்கற நீர வடிக்க ஒரு ட்யூப், முதுகுல வலி மருந்து போற எபிட்யூரல் ட்யூப். இது எல்லாத்துக்கும் மேல, எடுத்த கட்டி புற்றா இல்லையாங்கறது பயாப்ஸி ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்.

அந்த நாட்கள்ல எனக்கு ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது. வலி எவ்வளவு பெருசுங்கறத விட, இது எதனால வலிக்குதுன்னு தெரியாதப்போதான் ஆள் ரொம்ப ஆடிப்போறோம். காரணம் தெரிஞ்ச வலி எவ்வளவு கடுமையா இருந்தாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு கடந்துட முடிஞ்சுது. காரணம் தெரியாத சின்ன குத்தல் ஒண்ணு ராத்திரி முழுக்க தூங்க விடல.

முதல்ல வந்தது தோள்பட்டை வலி. வயித்துலதான வெட்டினாங்க, தோள் ஏன் இப்படி வலிக்குது, ஹார்ட்டுல ஏதோ ஆயிடுச்சோன்னு எனக்கு வேர்த்துப்போச்சு. நர்ஸம்மாகிட்ட சொன்னேன். அவங்க பல்ஸ், பிரஷர் எல்லாம் பாத்துட்டு, ஈசிஜியும் எடுத்துட்டு அப்புறம்தான் விளக்கமா சொன்னாங்க. லேப்ராஸ்கோபி பண்றப்போ உள்ள இடம் தெரியறதுக்காக கார்பன் டை ஆக்சைடு வாயுவ வயித்துக்குள்ள நிரப்புவாங்களாம், அதுல கொஞ்சம் மிச்சம் தங்கி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானங்கற தசைய உறுத்தும், உதரவிதானத்துக்குப் போற நரம்பும் தோளுக்குப் போற நரம்பும் கழுத்துல ஒரே இடத்துலேர்ந்து கிளம்பறதால மூளைக்கு அது தோள் வலியாத்தான் தெரியுமாம். உடம்பே அந்த வாயுவ உறிஞ்சி வெளிய அனுப்பிடும், சில நாள்ல போயிடும்னாங்க. வலி என்னவோ அப்படியேதான் இருந்துச்சு, ஆனா எனக்கு இருந்த நடுக்கம் அந்த நிமிஷமே அடங்கிருச்சு. (இது மாதிரி வந்தா வாயுதான்னு நீங்களே முடிவு பண்ணிக்காதீங்க, நர்ஸ்கிட்ட சொல்லி அவங்க பாத்து சொல்லட்டும்.)

வலிக்கு 0லேர்ந்து 10 வரைக்கும் ஒரு நம்பர் சொல்லச் சொல்லுவாங்க. நான் அசையாம படுத்துக்கிட்டு 2ன்னேன். உடனே அவங்க "இருமிப் பாருங்க, இப்போ எவ்வளவு?"ன்னு கேட்டாங்க. இருமினா 8. அந்த 8தான் எங்களுக்கு வேணும்னாங்க. ஏன்னா வலிக்குதுன்னு மூச்சை ஆழமா இழுக்காம, இருமாம அப்படியே கெடந்தா நுரையீரலோட அடிப்பகுதி சுருங்கி சளி தேங்கி நிமோனியா வரை போகலாம், நடக்காம கெடந்தா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகலாம். ஆக வலி மருந்து குடுக்கறது நம்ம சுகமா படுத்திருக்கறதுக்கு மட்டும் கிடையாது, நாம இருமவும் நடக்கவும் முடியணும், அதுக்காகத்தான். வலி சுத்தமா இல்லாம போகும்னும் எதிர்பார்க்காதீங்கன்னு வலி மருந்து பாத்துக்கற டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னாங்க, அது எனக்கு ரொம்ப உதவுச்சு. 3, 4ல இருந்துக்கிட்டு நடக்க முடிஞ்சா அன்னிக்கு நாள் நல்ல நாள்.

எபிட்யூரல எடுத்ததுக்கு அப்புறம் மாத்திரைதான். வலி ஏறின பிறகு போடலாம்னு காத்திருந்தா மருந்து அத துரத்திப் பிடிக்க ரொம்ப நேரம் ஆகும், அதனால முதல் நாட்கள்ல கடிகாரம் பாத்து போடுங்கன்னாங்க. பாரசிட்டமால் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை 1 கிராம், ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல போகவே கூடாது, உடம்பு எடை கம்மியா இருக்கறவங்களுக்கும் லிவர் பிரச்சனை இருக்கறவங்களுக்கும் இன்னும் குறைப்பாங்க. சளி, ஜுர மாத்திரை பலதுலயும் அதே பாரசிட்டமால்தான் இருக்கு, தெரியாம ரெண்டையும் சேத்துப் போட்டா லிவருக்கு ஆபத்து, இத வீட்டுல பாத்துக்கறவங்களுக்கும் சொல்லி வைங்க. அதுக்கு மேல தேவைப்பட்டா மார்ஃபின் வகை மருந்து. அதுக்கு அடிமையாயிடுவோமோன்னு பயந்து வலியத் தாங்கிக்கிட்டே கெடக்கற ஆட்கள பக்கத்து பெட்லயே பாத்தேன், மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. கொஞ்ச நாளைக்கு, டாக்டர் சொன்ன அளவுல, படிப்படியா குறைச்சு நிறுத்தறதுக்குன்னுதான் அத தர்றாங்க, பயம் இருந்தா அந்த பயத்தையே அவங்ககிட்ட சொல்லுங்க. ஆனா அது குடலை மந்தமாக்கும், மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேத்தே மருந்து கேட்டு வாங்கிக்கணும்.

படுக்கையிலேர்ந்து எழுந்திரிக்கறது ஒரு வித்தை. நேரா நிமிர்ந்து எழவே கூடாது, வயித்துத் தசை முழுக்க இழுத்துடும். முட்டிய மடக்கி, தோளும் இடுப்பும் ஒண்ணா, மரக்கட்டை உருண்ட மாதிரி ஒருக்களிச்சுத் திரும்பி, கால கீழ தொங்கப் போட்டுக்கிட்டே கையால ஊன்றி எழணும். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலகாணிய தையல் மேல வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கணும். சின்ன விஷயந்தான், ஆனா அந்த தலகாணி இல்லாம நான் இருமியிருக்கவே மாட்டேன்.

அப்புறம் அந்த கேஸ், அதாவது பின்பக்கமா பிரியற வாயு. குடல் ஆபரேஷன் ஆனவங்களுக்கு தெரியும், தினமும் காலையில ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர் கேக்கற முதல் கேள்வியே "கேஸ் போச்சா?"தான். வயித்த திறந்து குடலத் தொட்டு வேலை பண்ணினா அது கொஞ்ச நாளைக்கு அசையாம நின்னுடும், சிறுகுடல் சீக்கிரமே வேலைய ஆரம்பிச்சுடும், இரைப்பைக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், பெருங்குடலுக்கு 3 நாள் வரைக்கும் ஆகலாம். எனக்கு அதையும் தாண்டி இழுத்துச்சு. வயிறு உப்பி கல்லாட்டம் ஆச்சு, வாந்தி வந்துச்சு, மூக்கு வழியா ட்யூப் போட்டு உள்ள தேங்கினத வெளிய எடுத்தாங்க. இந்த மொத்த அனுபவத்துலயும் மோசமான நேரம் அதுதான். வலியினால இல்ல. குடல இணைச்ச இடம் பிரிஞ்சு கசியுதோங்கற சந்தேகம் என் மனசுல மட்டுமில்ல, டாக்டருங்க முகத்துலயும் தெரிஞ்சுது, எல்லாரும் "பார்க்கலாம், பார்க்கலாம்"ன்னு மட்டும் சொன்னாங்க. அக்காதான் கூட இருந்தா. அவ நேரா சர்ஜன்கிட்ட போயி, "சார், நீங்க என்னத்த பார்க்கறீங்கன்னு எங்களுக்கும் சொல்லுங்க, நாங்களும் சேந்து பாத்துக்கறோம்"ன்னு கேட்டா. அவர் உக்காந்து சொன்னார். கசிவுன்னா பெரும்பாலும் 5லேர்ந்து 7ஆம் நாள் வாக்குல வெளிய தெரியும், பல்ஸ் ஏறும், ஜுரம் வரும், வலி குறையறதுக்கு பதிலா கூடும், உடம்புல அழற்சி இருந்தா ரத்தத்துல ஏறற சிஆர்பின்னு ஒண்ணு இறங்காம மேல போகும், இதெல்லாம் உங்களுக்கு இதுவரைக்கும் இல்ல, இருந்தாலும் சிடி ஸ்கேன் ஒண்ணு பாத்துடறேன்னார். ஸ்கேன்ல கசிவு இல்ல, குடல் சும்மா தூங்குதுன்னு வந்துச்சு. அப்புறம் பொறுமைதான். கொஞ்சம் கொஞ்சமா நடந்தேன், ட்யூப எடுத்ததும் சூயிங்கம் மெல்லச் சொன்னாங்க, மென்னா சாப்பாடு வருதுன்னு நினைச்சு குடல் முழிச்சுக்குமாம். ஒரு நாள் விடியக்காலைல கேஸ் போச்சு. அக்காவும் நானும் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதோம், சந்தோஷத்துல அப்படி அழுது ரொம்ப வருஷம் ஆயிருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் வேற மாதிரி பயம். ஆஸ்பத்திரில மணி அடிச்சா ஆள் வருவாங்க, வீட்டுல ராத்திரி 2 மணிக்கு தையல் கிட்ட சுள்ளுன்னு ஒண்ணு குத்துனா யார கேக்கறது? டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே அக்கா கேட்டு எழுதி வெச்ச தாள்தான் என்னக் காப்பாத்துச்சு. எதெல்லாம் சாதாரணம்: மின்னல் மாதிரி வந்து போற குத்தல், வெட்டுப்பட்ட நரம்பு திரும்ப வளர்றப்போ அப்படித்தான் வரும், தழும்ப சுத்தி மரத்துப்போறது, அரிப்பு, நிமிர்ந்து நின்னா இழுக்கறது, தழும்புக்கு கீழ கெட்டியா வரப்பு மாதிரி தட்டுப்படறது, சாயங்காலம் ஆனா சோர்வு. எனக்கு எடுத்தது வலது பக்கக் குடல்ங்கறதால கொஞ்ச நாளைக்கு இளக்கமா போறதும் அதுல சேத்தி.

எதுக்கெல்லாம் உடனே போன் பண்ணணும்: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல ஜுரம், காயத்த சுத்தி சிவப்பு பரவறது, சீழ், நாத்தம், திடீர்னு ரோஸ் கலர் தண்ணி நிறைய வடியறது, வாந்தியோட வயிறு உப்பி கேஸ் போகாம இருக்கறது, குறைஞ்சுக்கிட்டே வந்த வலி மறுபடி ஏறறது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலும் அன்னிக்கே காட்டணும். மூச்சு வாங்குதுன்னாலோ நெஞ்சு வலிச்சாலோ போன் பண்ணி நேரத்த வீணாக்காம நேரா எமர்ஜென்சிக்கே போயிடணும்.

ராத்திரி எது குத்தினாலும் அந்தத் தாள எடுத்து எந்தப் பக்கம் சேருதுன்னு பார்ப்பேன். சாதாரணப் பக்கம்னா திரும்பிப் படுத்துக்குவேன். நேத்தையோட இன்னிக்க ஒப்பிட்டுப் பாக்கறதையும் விட்டேன், ஏன்னா நேத்து கொஞ்சம் கூட நடந்திருந்தா இன்னிக்கு வலி கூடத்தான் இருக்கும், போன வாரம் இதே கிழமை எப்படி இருந்தோம்னு பார்த்தாத்தான் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு சொன்னது ஏன்னு கேட்டேன். வெளிய தோல் சீக்கிரம் மூடிக்கிட்டாலும் ஆறுற காயத்துக்கு 3 வாரத்துல பழைய பலத்துல 20 சதவீதம் கிட்டதான் வந்திருக்குமாம், எத்தன மாசம் ஆனாலும் 80 சதவீதத்த தாண்டறதே கஷ்டமாம். அது தெரிஞ்ச பிறகு வீட்டுல யாரும் என்கிட்ட "பாக்க நல்லாத்தான இருக்க"ன்னு சொல்றப்போ கோவம் வரல, பதில் சொல்ல முடிஞ்சுது. தையல் போட்ட இடம் பலமில்லாம குடல் வெளிய துருத்தற ஹெர்னியா வந்து இன்னொரு ஆபரேஷன்னு போறதுக்கு கொஞ்ச மாசம் ஒரு பக்கெட்ட தூக்காம இருக்கறது மேல்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, ரிப்போர்ட் இன்னும் வரல. வர்றவங்கள்லாம் "ஒண்ணும் இருக்காது, தைரியமா இரு"ன்னாங்க. பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா அது அவங்களுக்கும் தெரியாதுங்கறது எனக்குத் தெரியுமே. யாருக்கோ இப்படித்தான் ஆச்சுன்னு ஆரம்பிச்சு கதை சொல்றவங்க வேற. நோயாளி பக்கத்துல உக்காந்து அந்தக் கதையெல்லாம் தயவுசெஞ்சு சொல்லாதீங்க. எனக்கு ஆறுதலா இருந்தது, ஏன் இவ்வளவு நாளாகுதுன்னு லேப் டாக்டர் ஒருத்தர் சொன்ன விளக்கம்தான். எடுத்த குடல கெடாம இருக்க ஃபார்மலின்ங்கற திரவத்துல ஊற வெச்சு, தேவையான இடங்கள்ல துண்டு எடுத்து, மெழுகுல பதிச்சு, சில மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கனத்துக்கு சீவி, ஊதாவும் ரோஸுமா சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். குடலோட ஒட்டியிருக்கற கொழுப்புக்குள்ள, புற்று பரவினா போய்ச் சேர்ற சின்னச் சின்ன நிணநீர் கணுக்கள விரலால தடவித் தேடி எடுக்கணும், குறைஞ்சது 12 கணுவாவது பாத்தாத்தான் பரவலன்னு நம்பி சொல்ல முடியும். நாளாகுதுன்னா கெட்ட செய்தின்னு அர்த்தம் கிடையாதுன்னார். யாரோ ஒருத்தர் எனக்காக பொறுமையா தேடிக்கிட்டு இருக்காங்கங்கற நினைப்போட அந்த நாட்கள தள்ளினேன். ராத்திரி ஆனா மொபைல அக்காகிட்ட குடுத்துடுவேன், இருட்டுல தனியா படுத்துக்கிட்டு நெட்ல தேடறதுக்கான விஷயம் இல்ல இது.

உடம்பு தேறத் தேற மனசு கீழ போச்சுங்கறதையும் சொல்லணும். வலி குறைஞ்ச பிறகுதான் எனக்கு காரணமே இல்லாம அழுகை வந்துச்சு, பசி இல்ல, யாரோடவும் பேசப் பிடிக்கல. செக்கப்ல சொன்னப்போ பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் இது நிறைய பேருக்கு வரும், வாரக்கணக்கா நீடிச்சா மனநல டாக்டரப் பாக்கணும்னாங்க. தையல் பத்தி கேக்கற மாதிரி இதையும் கேளுங்க, கூச்சப்படாதீங்க.

ரிப்போர்ட் வந்துச்சு. பாலிப்புக்குள்ள புற்று இருந்திருக்கு, ஆனா ஆரம்ப நிலை, வெட்டின ஓரங்கள் சுத்தம், கணுக்கள் எதுலயும் இல்ல, கீமோ தேவையில்ல. முழுசா முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லல, நானும் அப்படி கேக்கல. 1 வருஷத்துல கொலனோஸ்கோபி, நடுவுல செக்கப், இதான் திட்டம். இந்த ஆபரேஷனாலயும் உள்ள ஒட்டல் வந்திருக்கலாம், அது எப்பவாவது குடல முறுக்கி அடைக்கலாம்னும் சொல்லியிருக்காங்க. அப்படி ஆனா எப்படித் தெரியும்னு கேட்டு அதே தாள்ல கடைசில சேத்துக்கிட்டேன்: விட்டு விட்டு முறுக்கற வலி, வாந்தி, வயிறு உப்பல், கேஸும் மலமும் நின்னு போறது. இது சேந்து வந்தா விடியட்டும்னு காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்கு போகணும், வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வெச்சிருக்கேன்.