ஒரு மாத்திரை அட்டையால் தள்ளிப்போன ஆபரேஷன்

அப்பாவுக்கு வலது பக்கம் ஹெர்னியா. ரத்தம், ஈசிஜி, எக்கோ எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. ஆபரேஷனை உடம்பு தாங்கும் என்று மயக்க டாக்டரிடம் பிட்னஸ் வாங்குவதில்தான் மாட்டிக்கொண்டோம்.

அட்மிட் ஆன அன்று இரவு எட்டரைக்குத்தான் அவர் வந்தார். மறுநாள் காலை ஆபரேஷன்! ஆடும் பல் உண்டா, மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டுவிட்டு, மாத்திரைப் பையைக் கட்டிலில் கொட்டச் சொன்னார். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை அட்டையைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன் லேசாக ஸ்ட்ரோக் வந்தபோது எழுதிக் கொடுத்தது. ரத்தம் சீக்கிரம் உறையாது, மரத்துப்போக முதுகில் ஊசி போட்ட இடத்தில் உள்ளே கசிந்து கட்டிக்கொண்டால் நரம்பை அழுத்தி கால் விழுந்துவிடலாம், இதை 5 முதல் 7 நாள் நிறுத்தாமல் முதுகு ஊசி போட முடியாது என்றார். அவர் மேல் தப்பே இல்லை. போன வாரம் கவுண்டரில் பாரம் நிரப்பிய பெண் "பிபி, சுகர் இருக்கா?" என்று மட்டும் கேட்டார், நானும் அதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். நரம்பு டாக்டரைப் பார்த்து, அதுவரை ஆஸ்பிரின் போதும் என்று எழுதி வாங்க எனக்கு இரண்டு நாள் ஆனது. இன்சூரன்ஸ் அனுமதியும் மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது முறை எட்டு மணிக்கு ஆபரேஷன், ஐந்தரைக்கு வார்டில் யாரோ அப்பா கையில் பால் காபியைக் கொடுத்துவிட்டார்கள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன், உதட்டில்கூடப் படவில்லை. பால் என்றால் 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். நர்ஸ் ராத்திரி பத்துக்கே தண்ணீரையும் நிறுத்தச் சொல்லியிருந்தார், நான் மயக்க டாக்டரையே கேட்டு உறுதி செய்துகொண்டேன். நீங்களும் கேளுங்கள், சுகர் மாத்திரையைப் பற்றியும் சேர்த்து.

உள்ளே அப்பாவின் பெயரையும் ஆபரேஷன் எந்தப் பக்கம் என்பதையும் மூன்று பேர் கேட்டார்களாம், அவருக்கு எரிச்சல். எனக்கு நிம்மதி, கவுண்டரில் ஒருத்தராவது இப்படிக் கேட்டிருக்கலாம். தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாராம், ஊசி போட்டதும் கால் சூடாகி மரத்துப்போனதாம், ஸ்பிரிட் பஞ்சை வயிற்றில் வைத்து சில்லென்று தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தியையே எடுத்தார்களாம்.

முதல் தடவை வீணாகத் தங்கிய இரவின் ரூம் வாடகை மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. மூன்று முறை போன் போட்டாயிற்று.