பாவகடாவில் ஒரு பகல்

பெங்களூரிலிருந்து பாவகடாவுக்குப் பேருந்து ஏறுபவர்களில் பலர் அங்குள்ள சனீஸ்வரன் கோவிலுக்குப் போகிறவர்கள். பக்கத்து இருக்கைக்காரரும் என்னை அப்படித்தான் எண்ணினார். நானோ மகனை விட்டுவிட்டுத் தகப்பனான சூரியனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன்.

துமகூரு மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் இந்த வறண்ட தாலுகாவில், திருமணி, வள்ளூர் முதலிய ஐந்து கிராமங்களின் நிலத்தில் ஏறத்தாழ 13,000 ஏக்கருக்குச் சோலார் தகடுகள் பரந்து கிடக்கின்றன. 2019 இறுதியில் 2,050 மெகாவாட் என்ற முழுத் திறனை எட்டிய சூரியமின் பூங்கா இது. கம்பி வேலியோரம் நின்று பார்த்தபோது ஒரு தகட்டின் மேல் படிந்த செம்மண் புழுதியில் ஓணான் நடந்துபோன தடம் தெரிந்தது. சற்றுத் தள்ளி இருவர் நீண்ட துடைப்பானும் குழாயுமாகத் தகடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். புழுதி படிந்தால் மின்சாரம் குறையும் என்பதால் கழுவாமல் இருக்க முடியாது. ஆனாலும் குடிதண்ணீருக்கே தவித்துப் பழகிய ஊரில் அந்த நீர் மண்ணில் வழிவதைப் பார்க்க மனம் ஒப்பவில்லை.

இங்கே அரசு நிலத்தை விலைக்கு வாங்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. தேநீர்க் கடையில் பேச்சுக் கொடுத்த பெரியவர், மழை பொய்த்தால் நிலக்கடலைக்குப் போட்ட விதைக்காசுகூடத் தேறாத தம் நான்கு ஏக்கர் இப்போது தவறாமல் பணம் தருவதாகவும், பட்டா இன்னும் தம் பெயரில்தான் இருப்பதாகவும் தெலுங்கில் சொன்னார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்மணி குறுக்கிட்டு, "நிலம் இருக்கிறவருக்கு வாடகை வருகிறது, தாத்தா, களையெடுத்த எங்களுக்கு என்ன வருகிறது?" என்றார். பெரியவர் பதில் சொல்லவில்லை. என் கணக்கில் இத்திட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான். குத்தகை ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள் நிலமுடையவரை நினைத்த அளவுக்குக் கூலியாட்களை நினைக்கவில்லை.

2030க்குள் நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளில் 500 கிகாவாட் திறன் என்பது இந்தியாவின் இலக்கு. 2025இல் நாட்டின் மொத்த நிறுவுதிறனில், அதாவது மின்நிலையங்கள் எல்லாம் முழுவீச்சில் தரக்கூடிய திறனில், பாதி அவ்வழிகளுக்கு வந்துவிட்டது. நிறுவுதிறனில் பாதி என்பதை மின்சாரத்தில் பாதி என்று படித்துவிடக் கூடாது. பகலில் மட்டும் உழைக்கும் தகடும் இரவு பகலாக எரியும் கொதிகலனும் ஒரே மெகாவாட் திறன் கொண்டவையானாலும் ஒரே அளவு மின்சாரத்தைத் தந்துவிடுவதில்லை. உற்பத்தியில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியுடையதே.

பொழுது சாய்ந்தபோது மீண்டும் வேலியோரம் போனேன். பகலெல்லாம் கேட்ட இன்வெர்ட்டர்களின் ரீங்காரம் மெல்லத் தேய்ந்து நின்றது. தேநீர்க் கடையில் அந்தப் பெண்மணி விளக்கைப் போட்டார். அது எரிய, ராய்ச்சூர் அனல்மின் நிலையம் போல எங்கோ ஓரிடத்தில் கரி எரிந்துகொண்டிருந்திருக்கும்.