நாலு அங்குல மான்

திருகோணமலைக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறிப் போகும் வழியில் மான்கள் நிற்குமே, அதில் ஒன்றைத்தான் முதலில் தைத்தேன். கண் கண்ணாக இருக்கும் கான்வஸ் துணியில், நாலு அங்குலச் சதுரம், தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற விரிப்பு. உப்புவெளியில் தெரிந்தவர் ஒருவரின் விடுதியில் ஆறு கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாரத்தில் ஆறும் விற்றுவிட்டன. தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்தால், மாமி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளை, ஒண்டு தைக்க எவ்வளவு நேரம் பிடிச்சது?"

அதை நான் பார்த்ததே இல்லை. அன்றிரவு கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். லண்டனிலிருந்து சித்தி கொண்டுவந்த கான்வஸில் அங்குலத்துக்கு 18 கண். ஒரு கண்ணுக்கு ஒரு தையல் என்றால், ஒரு சதுர அங்குலத்துக்கு 324 தையல். மான் ஒன்றுக்கு 5,184! நிமிடத்துக்கு இருபது போட்டாலும் நாலே கால் மணித்தியாலத்துக்கு மேல். விற்ற விலை 900 ரூபாய். விடுதிக்காரரின் பங்கு முப்பது சதவீதம், நூலும் பின்பக்கத் துணியும் 250. மிச்சம் 380. மணித்தியாலத்துக்குத் தொண்ணூறு ரூபாய்கூட இல்லை. ஆறும் விற்றதற்குக் காரணம் என் கைத்திறன் இல்லை, விலைதான்.

அப்புறம் 13 கண் கான்வஸுக்கு மாறினேன். அதே சதுரத்துக்கு 2,704 தையல், ஏறக்குறையப் பாதி நேரம். ஆனால் பழைய மான் அதில் ஆடு மாதிரி வந்தது. மானின் கண்ணுக்கு ஒரே ஒரு தையல்தான் கிடைக்கும், கால் வளைவு படிக்கட்டாகிவிடும். சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பியில் ஐந்தாறு தடவை வரைந்து அழித்த பிறகுதான் மான் மானாயிற்று. விலையை 1,600 ஆக்கினேன். மெதுவாகத்தான் போனது, ஆனாலும் போனது. 18 கண்ணை இப்போது மூக்குக்கண்ணாடி உறைக்கு மட்டும் எடுக்கிறேன், அதுவும் முற்பணம் தருபவர்களுக்கு.

அடுத்த வீட்டு அக்காவும் அவரின் தங்கச்சியும் சேர்ந்தபோது ஒரு பெரிய குஷன் உறையை மூன்று பேருமாகப் பங்கு போட்டோம். நூல் மிச்சம் என்று அரைக்குறுக்குத் தையலை (குறுக்குத் தையலில் பாதி, ஒரு சாய்வுக் கோடு மட்டும்) சொல்லிக் கொடுத்தது நான்தான். முடிந்ததும் பார்த்தால் உறை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஈரமாக்கி, பலகையில் நாலு பக்கமும் இழுத்துக் குண்டூசி குத்தி நிழலில் காயவிட்டேன். சதுரம் வந்துவிட்டது. கூடவே குண்டூசித் துருவும் வந்தது. (கடற்காற்றில் எங்கள் ஊரில் டப்பாவுக்குள் இருக்கும் ஊசியே துருப்பிடிக்கும். எனக்குத் தெரியாதா என்ன?) அக்கா இழுத்துத் தைப்பார், தங்கச்சி தளர விடுவார், இருவர் கையும் சந்தித்த இடம் வரம்பு போட்டது போல அப்படியே நின்றது. அந்த உறை இப்போது எங்கள் வீட்டுக் கதிரையில். அன்றிலிருந்து ஒரு பொருளுக்கு ஒரு கைதான். பின்னணியை மூலைவிட்டமாகக் கூடை முடைவது போலத் தைக்கிறோம். நூல் கூடத்தான், ஆனால் துணி சரியாது.

மே முதல் செப்டம்பர் வரை வெள்ளைக்காரர் வருகிற காலம். மாரி மழையில் தைத்து அடுக்கினால்தான் அப்போது விற்கலாம். அதனால் கையில் காசு வராத மாதங்களில்தான் நூல் வாங்க வேண்டும். கொழும்புக்குப் போனால் ஒரு நிறத்தில் தேவையான அத்தனையையும் ஒரே தடவையில் வாங்கிவிடுவேன். ஒரே நம்பர் என்றாலும் வேறு தடவை சாயம் போட்ட நூல் பக்கத்தில் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

போன கிழமை ஒரு ஹோட்டலில் கோணேசர் கோபுரம் போட்டு நாற்பது விரிப்பு, ஒரு மாதத்தில் வேண்டும் என்றார்கள். முன்பென்றால் உடனே தலையாட்டியிருப்பேன். கொப்பியைப் பார்த்துவிட்டு இருபத்தைந்துதான் முடியும் என்றேன். ஹோட்டல்காரரின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "சரி, இருபத்தைஞ்சைத் தாங்கோ."

பின்பக்கத் துணியை மாமி சாய்மனைக் கதிரையில் இருந்தபடி தைத்துத் தருகிறார். அவருக்கும் மணித்தியாலக் கணக்கில்தான் கூலி. கேள்வியைக் கேட்டதே அவர்தானே.