மயக்கவியல் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) எப்படிப் படிக்கலாம்?

மயக்கவியலை வெறும் மருந்துப் பட்டியலாகப் படித்தால் தேர்வு அறையில் எல்லாம் குழம்பிப் போகும். அட்டவணை போட்டு உருப்போடுவதற்குப் பதில், ஒரு நோயாளியை மனதில் வைத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஆபரேஷன் தியேட்டருக்குள் போங்கள். வெறும் வயிற்றில் வந்தாரா (திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2), வாய் எவ்வளவு திறக்கிறது, முதலில் எந்த மருந்து, ஏன்? நான் இப்படித்தான் படித்தேன். எனக்கு வந்த கேள்விகளும் பெரும்பாலும் இந்த வரிசையிலேயே வந்தன.

முழு மயக்கத்தில் மூன்று வேலைகள்: நினைவிழக்கச் செய்வது, வலியை அடக்குவது, தசையைத் தளர்த்துவது. ஒவ்வொரு மருந்தும் இதில் எதைச் செய்யாது என்று கேட்டுப் படியுங்கள். புரோபோஃபால் தூங்க வைக்கும், வலியைப் போக்காது. வெக்குரோனியம் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். நினைவு அப்படியே இருக்கும். அசைய முடியாமல், எல்லாம் தெரிந்தபடி படுத்திருக்கும் நோயாளியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இந்த மருந்தைத் தனியாக ஏன் கொடுக்கக் கூடாது என்பது பிறகு மறக்கவே மறக்காது.

மயக்கத்துக்கு முன் ஆக்சிஜன் கொடுப்பது ஏன் என்று கேட்டால் கணக்கோடு சொல்லுங்கள். சாதாரணமாக மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் ஏறக்குறைய 2.5 லிட்டர் காற்று தங்கும். அதில் ஆக்சிஜன் அரை லிட்டர்கூடத் தேறாது. உடலுக்கோ நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. வேண்டும். 3 நிமிடம் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் நைட்ரஜன் வெளியேறி அந்த இடத்தையும் ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். மூச்சுக்குழாயில் குழாய் போடத் தாமதமானாலும் சில நிமிடங்கள் கையில் இருக்கும்.

மரத்துப்போகும் ஊசியில் பலரும் தடுமாறுவது சதவீதத்தில்தான். 1% என்றால் ஒரு மி.லி.யில் 10 மி.கி.; 2% என்றால் 20. மரக்க வைக்கும் மருந்தான லிக்னோகைனின் உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி., அட்ரினலின் சேர்த்தால் 7. (சில புத்தகங்கள் முதல் எண்ணை 4.5 என்று போடும். உங்கள் துறையில் எதைச் சொல்கிறார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.) 60 கிலோ நோயாளிக்கு 180 மி.கி.; 2% மருந்தில் 9 மி.லி. அட்ரினலினோடு 420 மி.கி., அதாவது 21 மி.லி. எடையை மாற்றி மாற்றித் தாளில் போட்டுப் பழகுங்கள்.

சீழ்க்கட்டியில் ஏன் சரியாக மரப்பதில்லை என்பது அடிக்கடி வரும் கேள்வி. மருந்து மின்னேற்றம் இல்லாத வடிவில்தான் நரம்புச் சவ்வைக் கடக்கும். உள்ளே போய், நரம்புச் செய்தி கடத்தத் தேவையான சோடியம் வாய்க்காலை அடைக்கும். சீழ் உள்ள இடத்தில் அமிலம் அதிகம், அதனால் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும்.

மரக்க வைக்கும் மருந்தின் நச்சு விளைவை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், ஏனென்றால் நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும். உதடு மரப்பது, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை, பிறகு வலிப்பு, கடைசியில் இதயப் பாதிப்பு. உடனே ஊசியை நிறுத்துங்கள், உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள், மூச்சுப் பாதையைப் பார்த்து ஆக்சிஜன் கொடுங்கள், வலிப்பை மிடாசோலாமில் அடக்குங்கள். அப்புறம் 20% கொழுப்புக் கரைசல், கிலோவுக்கு 1.5 மி.லி.; அதே 60 கிலோ நோயாளிக்கு 90 மி.லி.