தோள் கொடுத்தவர்

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு நான் வந்தது 1998 மாசியில். இவர், என் கணவர், எனக்கு நாலு வருஷம் முந்தியே வந்து, பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி அறையில் இருந்தார். வந்த இரண்டாம் மாதமே எனக்கு வேலை கிடைத்தது. தனியாக இருந்த எண்பது வயதுச் சிஞ்ஞோரா (அம்மா) ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இப்போது அதைப் ‘பதாந்தே’ என்கிறார்கள். இங்கே எங்கள் ஆட்களில் பலர் செய்கிற வேலைதான்.

மொழிதான் பெரிய மலை. மாலை வகுப்பில் படித்த இத்தாலியன் சந்தைக்குள் நுழைந்ததும் கரைந்துவிடும். அங்கே எல்லோரும் சிசிலியன் கதைப்பார்கள். ‘அமுனி’ என்றால் ‘வா, போவம்’ என்பது வகுப்பில் இல்லை. எனக்கு முதலில் வாயில் தங்கியவை உடம்பின் சொற்கள்: முழங்கால், முதுகு, தோள். சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றும்போது பழகியவை. அப்புறம் ‘திஸ்தூர்போ?’ என்ற சொல். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும்போது, ‘தொந்தரவு இல்லையே?’ என்று கேட்பது. அதைச் சொல்லாமல் அறைக்குள் கால் வைக்கக்கூடாது என்று சிஞ்ஞோரா முதல் நாளே சொல்லித்தந்தார். அவரும் ஒரு தண்ணீர் கேட்பதென்றாலும் ‘உன்னைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை, ஆனால்...’ என்றுதான் தொடங்குவார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் டிவி. உள்ளூர் சேனல் ஒன்றில் பழைய சிரிப்புப் படங்கள் போடுவார்கள். இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் நெட்டை, ஒல்லி, மீசை. மற்றவர் குட்டை, முகத்தை மாவு மாதிரி எந்தப் பக்கமும் இழுப்பார். சிச்சோ இங்ராசியாவும் பிராங்கோ பிராங்கியும். இரண்டு பேரும் பலெர்மோவில் பிறந்தவர்கள். சிச்சோ 1922, பிராங்கோ 1928. தெருவிலும், சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குமுன் நடக்கும் மேடை நிகழ்ச்சிகளிலும் ஆடிப்பாடி வளர்ந்தவர்கள். ‘எங்கட பெடியள்’ என்று நாங்கள் சொல்வோமே, சிஞ்ஞோரா அப்படித்தான் அவர்களைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் படங்கள்தான் எனக்கு உண்மையான வகுப்பு. சிச்சோ படித்த மனிதர் மாதிரி ஒரு வசனத்தை நிறுத்தி நிதானமாகச் சொல்வார். பிராங்கோ அதைப் பிழையாகத் திருப்பிச் சொல்வார். சிச்சோ திருத்துவார். மறுபடியும் பிழை, மறுபடியும் திருத்தம். சிரிப்புக்காக அவர்கள் ஒரே சொல்லை நாலு தரம் சொல்லும்போது, நான் கட்டிலோரம் உடுப்பு மடித்துக்கொண்டு ஐந்தாம் தரம் சொல்வேன்.

ஒரு பங்குனி மாதம் இரண்டு பேரும் மேசையில் இருந்து பச்சைப் பாவா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம். ‘சிரிக்க வைப்பது பிராங்கோதானே, அந்த நெட்டையர் சும்மா நிற்கிறாரே’ என்று கேட்டுவிட்டேன். சிஞ்ஞோரா அவரைக்காயைக் கீழே வைத்தார். ஈரக்கையால் தன் தோளைத் தட்டினார். ‘ஸ்பல்லா,’ என்றார். ‘அவர் ஸ்பல்லா.’

ஸ்பல்லா என்றால் தோள். சிரிப்பு நடிகருக்குப் பக்கத்தில் நின்று, அவர் விழுவதற்கு இடம் செய்து கொடுப்பவரை நாடகக்காரர் அப்படித்தான் அழைக்கிறார்கள். எனக்கு மயிர் சிலிர்த்தது. தோள் கொடுக்கிறது என்று நாங்களும்தானே சொல்கிறோம். அன்று இரவு இவருக்குச் சொன்னேன். உடனே கவுண்டமணி, செந்தில் பேச்சு வந்துவிட்டது. யார் தோள்? செந்தில் அந்த அப்பாவிக் கேள்வியைக் கேட்காவிட்டால் கவுண்டமணிக்குக் கோபம் எங்கிருந்து வரும் என்று நான். இவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த இருவரையும் 1960-இல் படத்துக்குள் கொண்டுவந்தவர் பாடகர் தொமெனிக்கோ மொதுஞ்ஞோ. அதன் பிறகு சேர்ந்து நூறு படங்களுக்கு மேல். 1964-இல் மட்டும் பத்துக்கும் கூட. விமர்சகர்கள் அவற்றை மதிக்கவில்லை, ஆனால் கொட்டகைகள் நிறைந்தன. அந்த 1964-இலேயே, இவர்கள் சிறையிலிருந்து தப்பி ஓடும் ஒரு படத்துக்கு இசையமைத்தவர் எனியோ மொரிக்கோனே என்று பின்னால் அறிந்தபோது சந்தோஷமாக இருந்தது. அதே வருஷம்தான் இயக்குநர் செர்ஜியோ லியோனேயின் முதல் கௌபாய் படத்துக்கும் இசை கொடுத்தார். அதில் தன் பெயரைக்கூடப் போடாமல் டான் சாவியோ என்று போட்டுக்கொண்டார். ரோமில், திராஸ்தேவெரேயில் எக்காளம் வாசிப்பவரின் மகன். பியானோவில் தட்டிப் பார்க்காமல் மேசையில் இருந்து தாளில் எழுதியவர். இசையமைப்பாளரும் ஒரு தோள்தான் என்று எனக்குப் படுகிறது. முகம் திரையில் வராது. அவரை எடுத்துவிட்டால் படம் நிற்காது.

நீனோ ரோட்டாவும் அப்படி ஒருவர். உலகமே அவர் மெட்டுகளை முணுமுணுத்த காலத்தில் பாரி நகரத்து இசைக் கல்லூரியை நடத்திக்கொண்டிருந்தார். அவர் இசையமைத்த, இயக்குநர் ஃபெலினியின் ‘அமர்கோர்ட்’ படத்தில் (1973) சிச்சோ தனியாக வருகிறார். மனநல விடுதியிலிருந்து ஒருநாள் வெளியே கூட்டிவந்த சித்தப்பா வேஷம். மரத்தில் ஏறி இருந்துகொண்டு, ‘எனக்கு ஒரு பெண் வேண்டும்’ என்று வெளியெங்கும் கேட்கக் கத்துவார். நான் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் பிராங்கோ இல்லாத சிச்சோவை அன்றுதான் பார்த்தேன்.

பிராங்கோ 1992-இலேயே போய்விட்டார். 2003 ஏப்ரல் 28, சிச்சோ இறந்த செய்தி டிவியில் வந்தபோது சிஞ்ஞோராவுக்கு நான் சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, பத்து வருஷம் தனியாக இருந்தாரே என்றார். வேறொன்றும் பேசவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவரும் போனார். அந்த ஞாயிறு எங்கள் ஆட்களோடு மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகையில் அவருக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். நாங்கள் சைவம்தான். ஆனால் பலெர்மோவில் இருக்கிற தமிழர் அந்த அம்மாவிடம் போகாமல் இருப்பதில்லை.

பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒரு கோடையில் பலாத்சோ அத்ரியானோவுக்குப் போனோம். பலெர்மோ மாகாணத்து மலையூர். ‘சினிமா பாரதிசோ’ படத்தை இயக்குநர் தொர்னத்தோரே 1988-இல் பெரும்பாலும் எடுத்தது அங்கேதான், இசை மொரிக்கோனே. படத்தில் கொட்டகைக்குள் இடம் கிடைக்காத சனத்துக்காக, சதுக்கத்து வீட்டுச் சுவரில் பழைய சிரிப்பு நடிகர் தொத்தோவின் சிரிப்புப் படத்தைக் காட்டுவார்கள். அந்தச் சதுக்கத்துக் கல்லில் நான் நெடுநேரம் இருந்தேன். எங்கள் ஊர்க் கோயில் வீதியில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட இரவுகள் மனதில் வந்தன.

2020 ஜூலையில் மொரிக்கோனே காலமானார். தன் மரண அறிவித்தலைத் தானே எழுதி வைத்திருந்தார். ‘எனியோ மொரிக்கோனே ஆகிய நான் இறந்துவிட்டேன்’ என்று தொடங்குகிறது. பஸ்ஸில் வரும்போது போனில் வாசித்தேன். அகராதி தேவைப்படவில்லை. நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும் விடை சொல்லி, மனைவி மரியாவுக்குத்தான் மிக வேதனையான விடை என்று முடிக்கிறார். இறுதிச் சடங்கை வீட்டு அளவில் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு ஒரே ஒரு காரணம் எழுதியிருந்தார்: தொந்தரவு கொடுக்க விருப்பமில்லை.

வீட்டுக்கு வந்து இவருக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்தபோது நிறுத்தி, இத்தாலியனிலேயே இன்னொரு தரம் சொன்னேன், சிஞ்ஞோரா சொல்கிற மாதிரி.