சீமாட்டியின் முகத்தைக் கடைசியில் பாருங்கள்

ஒரு பிரெஞ்சு நுண்ணோவியம் (தந்தத் தகட்டில் நீர்வண்ணத்தால் வரைந்த உள்ளங்கை அளவு முகப்படம்) மேசைக்கு வந்தால் எல்லார் கண்ணும் நேரே முகத்துக்குத்தான் போகும். பொடி தூவிய உயரக் கொண்டை, நீல ரிப்பன், ஓரத்தில் 'இசபே' என்ற கையெழுத்து. மூன்றும் ஒன்றாக அமைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிரெஞ்சு நுண்ணோவியர் ழான் பாப்டிஸ்ட் இசபே பிறந்தது 1767இல். அவர் கொடிகட்டிப் பறந்தது நெப்போலியன் காலத்தில். அதற்குள் பொடிக் கொண்டை மலையேறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பிரெஞ்சு அரசவைப் பெண்களான பொம்பதூர் சீமாட்டி, மரி அந்துவானெத், லம்பால் இளவரசி முகங்களை வரவேற்பறை அலங்காரத்துக்காக வரைந்து தள்ளினார்கள். பெரிய ஓவியர் பெயரைப் போட்டுவிடுவது அந்த வியாபாரத்தில் சகஜம். சட்டத்தில் பியானோ கட்டையின் தந்தப் பட்டைகள் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அந்தச் சரக்குதான்.

தந்தத்தில் வரைவதை 1700 வாக்கில் வெனிசில் தொடங்கிவைத்தவர் ஓவியர் ரொசால்பா கரியேரா. அதற்கு முன்பு கன்றுத்தோல்தான். தகட்டின் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. எண்ணெய்ப்பசையைப் போக்கி, வெயிலில் வெளுக்கவைத்து, நுரைக்கல் தூளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் நீர்வண்ணம் பிடிக்கும். முகத்தில் வண்ணம் மெல்லிய புள்ளிகளாக இருக்கும். அடியிலுள்ள தந்தமே சருமத்துக்கு ஒளி தரும். உடைக்கு மட்டும் கெட்டி வண்ணம். சிலர் கன்னத்துக்குப் பின்னால் வெள்ளித்தாள்கூட வைத்திருக்கிறார்கள். எல்லாருமே புள்ளி வைத்தவர்கள் என்றும் நினைக்க வேண்டாம். ஓவியர் பியர் அடோல்ஃப் ஹால் (1739–1793) உடையின் லேஸ் பின்னலில் தூரிகையை வீசிவிட்டுப் போவார். அந்தத் துணிச்சலை நகலெடுப்பது கடினம்.

பத்து மடங்கு லென்ஸை எடுத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள். தந்தத்தின் இழை சற்று வளைந்து, ஒழுங்கில்லாமல் ஓடும். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் சம இடைவெளியில் கோடுகள் தெரிந்தால் அது செல்லுலாய்டு, தந்தம்போல் தோன்றும் பழைய பிளாஸ்டிக். ஒரே மாதிரிப் புள்ளிகள் வலைபோல் அடுக்கியிருந்தால் அச்சுப் படத்தின் மேல் வண்ணம் தீட்டியது. சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய வித்தை வேண்டவே வேண்டாம். தந்தமானால் தழும்பு விழும், செல்லுலாய்டானால் தீப்பிடிக்கும்.

ஓவியத்தைச் சட்டத்திலிருந்து பிரிப்பதானால் பின்பக்கமிருந்து, அதுவும் கட்டாயம் ஏற்பட்டால் மட்டுமே. பின்னால் ஒட்டியுள்ள தாளைக் கிழித்து எறியாதீர்கள். பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அந்தச் சீமாட்டி யார் என்பதற்கு அதைவிட்டால் வேறு சாட்சி இருக்காது. தகட்டையும் கண்ணாடியையும் சுற்றி மாட்டுக்குடல் சவ்வுப் பட்டை ஒட்டியிருக்கலாம். மெல்லிய கத்தியைக் கண்ணாடி ஓரத்தோடு படுக்கவைத்து அறுக்க வேண்டும்.

பெரிய வில்லன் அந்தக் கண்ணாடிதான். பழைய கண்ணாடியில் காரப்பொருள் (ஆல்கலி) அதிகமாக இருந்தால் ஈரக்காற்றில் உட்புறம் வியர்க்கும். அந்தத் துளி வண்ணத்தில் பட்டால் பிசின் கரைந்துவிடும். துடைத்தாலும் மறுபடி வியர்க்கும். புதுக் கண்ணாடி போட்டு, பழையதைத் தனியே பத்திரப்படுத்துவதே வழி. வண்ணத்தைப் பிடித்திருக்கும் அந்தப் பிசின், நீரில் கரையும் அராபிக் கோந்து. அதனால் எண்ணெய் ஓவியத்தைச் சுத்தம் செய்யும் எச்சில் பஞ்சு இங்கே உதவாது, படத்திலுள்ள மூக்கையே அழித்துவிடும். லென்ஸின் கீழ் உலர்ந்த மென்தூரிகை போதும்.

தந்தம் ஈரத்தில் விரியும், வறண்டால் சுருங்கும். கெட்டி அட்டையில் முழுப்பரப்பும் ஒட்டப்பட்ட தகட்டுக்கு அசைய இடமில்லாததால் வளையும், இழையோடு பிளக்கும். குளிர்நாடுகளில் கணப்படுப்புக்கு மேலே மாட்டிவைத்தவற்றில் இந்த விரிசலைப் பார்க்கலாம். ஈரப்பதம் 50–55 விழுக்காடு, வெளிச்சம் 50 லக்ஸுக்குள். வெளிச்சம் கூடினால் முதலில் வெளுப்பது உதட்டிலும் கன்னத்திலும் உள்ள கார்மைன் சிவப்பு. பிரபு குலத்து வெளிறிய அழகு என்று நாம் ரசிப்பது சில சமயம் ஜன்னலோர வெயில் செய்த வேலை.

விற்பதென்றால் நாட்டின் சட்டவிதிகளையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2018ஆம் ஆண்டின் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1918க்கு முந்தைய, 320 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத நுண்ணோவியங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் பதிவு செய்த பிறகே விற்கலாம். உள்ளங்கை அளவு ஓவியத்துக்குப் பரப்பளவில் சிக்கல் வராது. சிக்கலெல்லாம் காலத்தை நிறுவுவதில்தான்.

செல்லுலாய்டு என்று தெரிந்ததை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிவரும் அமில வாயு பக்கத்திலுள்ள பித்தளைச் சட்டங்களை அரித்துப் பச்சையாக்கிவிடும்.